அத்தியாயம் 7: "மீன் கறுத்துப்போச்சு அண்ணை"

கொழும்பில் டிஸ்கஸ் வளர்க்கிறவன் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் போதும், இரவு ஒன்பது மணிக்குமேல் தொலைபேசி இந்த வசனத்தோடுதான் அடிக்கும். "மீன் கறுத்துப்போச்சு அண்ணை, என்ன மருந்து போடுறது?" கேட்கிறவரின் கையில் ஏற்கெனவே ஒரு நீலப் போத்தல் இருக்கும், மூடியும் திறந்திருக்கும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: "எப்ப இருந்து?" பத்து நிமிடமா, இரண்டு நாளா, மூன்று மாதமா? அதற்குப் பதில் வரும்வரை போத்தலை மூடி வைக்கச் சொல்லுவேன். மருந்து தேவைப்படும் கறுப்பும் உண்டு. ஆனால் அது வரிசையில் கடைசி.

முதலில் தோலைப் புரிந்துகொள்ளுங்கள். டிஸ்கஸின் தோலில் கறுப்புக்கென்று தனிக் கலங்கள் இருக்கின்றன. சிலந்தி மாதிரிக் கிளை விரித்த கலங்கள், உள்ளே மெலனின் துகள்கள். துகள்கள் நடுவில் குவிந்தால் மீன் வெளிறும், கிளைகளுக்குள் பரவினால் கறுக்கும். ரசக் கிண்ணத்தைப் பாருங்கள்: மிளகுத்தூள் அடியில் படிந்திருந்தால் மேலே தெளிவு, கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கினால் முழுக்கக் கறுப்பு. மிளகு ஒரு துளியும் கூடவில்லை. மீனில் இந்தக் கலக்கலைச் செய்வது நரம்பும் ஹோர்மோனும். அதனால்தான் சில நிமிடங்களில் கறுத்த மீன் சில நிமிடங்களில் தெளியவும் செய்கிறது.

சிவப்பும் மஞ்சளும் அப்படியல்ல. அவை பெரும்பாலும் கரோட்டினொயிட்டு என்ற சாயங்களால் வருபவை. மீனின் உடல் அவற்றைத் தானாகச் செய்யாது, வாய் வழியாகத்தான் வரவேண்டும். வருவதற்கும் போவதற்கும் கிழமைகள், மாதங்கள் எடுக்கும். நீலத்தில் சாயமே கிடையாது. குவானின் என்ற பொருளின் மெல்லிய பளிங்குத் தகடுகளில் ஒளி பட்டுத் தெறிப்பதால் தோன்றுகிற நீலம் அது, மயிலிறகில் போல. ஆகவே "புளூ டயமண்ட்" வகை டிஸ்கஸ் வாங்கியவர் நிறம் ஏற்றும் தீன் என்று விலை கூடிய டப்பா வாங்குவது, காசைக் கொண்டுபோய் வெள்ளவத்தைக் கடலில் போடுவதற்குச் சமம்.

இந்த வித்தை அமேசன் மீனான டிஸ்கஸுக்கு மட்டும் உரியதல்ல. களனிப் பக்கத்து நிழல் ஓடைகளில் வாழும் ஒரு சின்ன மீனைச் சிங்களத்தில் "புலத் ஹப்பயா" என்பார்கள்: வெற்றிலை சப்புகிறவன். இணை சேரும் நேரத்தில் ஆண் மீனின் முன்பாதி, வெற்றிலை போட்ட வாய் மாதிரிச் சிவந்துவிடும். கலவரப்பட்டால் சிவப்பு மறைந்து, மங்கலும் பட்டையுமாக நிற்கும். அந்தப் பெயரை வைத்த ஆள் யாரோ, மீனை வடிவாகப் பார்த்திருக்கிறார்.

நிமிடக் கணக்கில்

கொட்டாஞ்சேனையில் ஒரு சிவப்பு டிஸ்கஸை வாங்கி வெள்ளவத்தைக்குக் கொண்டுபோகிறீர்கள். ஓட்டோ புறக்கோட்டை நெரிசலைத் தாண்டி, காலிமுகத்திடல் கடந்து, காலி வீதியில் ஒவ்வொரு சிக்னலிலும் நிற்கிறது. வீட்டில் வந்து பொலித்தீன் பையைப் பிரித்தால் உள்ளே சாம்பல் நிற மீன் ஒன்று, உடம்பில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகளோடு. கடைக்காரன் மாற்றிவிட்டான் என்று உடனே போன் எடுக்கவேண்டாம். அவை பயப் பட்டைகள். பெரும்பாலான டிஸ்கஸ்களில் 9 இருக்கும்: முதலாவது கண்ணின் ஊடாக ஓடும், ஒன்பதாவது வாலின் அடியில் முடியும். 1840இல் வியன்னாவில் ஹெக்கெல் என்ற மீனியலாளர் முதன்முதல் விவரித்த, இன்று அவர் பெயரால் அழைக்கப்படும் காட்டு டிஸ்கஸில் நடுப்பட்டை தடித்து எடுப்பாக நிற்கும். இலை நிழலும் மூழ்கிய மரக்கிளையும் நிறைந்த ஆற்றில் அந்தக் கோடுகள் மீனை மறைத்துவிடும். உங்கள் ஹோலில் வெள்ளை ரைல்ஸுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே நிற்கும்போதும், பயந்தால் அதே பழைய புத்திதான் வருகிறது.

செய்யவேண்டியது: பையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சரிக்கட்டுங்கள். தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் விட்டுப் பழக்குங்கள். பிறகு மீனை மட்டும் தொட்டிக்குள் விடுங்கள், பைத் தண்ணீர் வேண்டாம். விளக்கை அணைத்துவிடுங்கள். அன்று தீன் இல்லை. மருமக்களைக் கூப்பிட்டுக் கண்ணாடியில் தட்டிக் காட்டுவதும் இல்லை. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ பட்டைகள் கரைந்துவிடும்.

வெடி, இடி, இருட்டில் திடீரென்று போட்ட விளக்கு எல்லாம் இந்த வகைதான். மரைன் டிரைவ் ஓரத்துத் தொடர்மாடி ஒன்றில் புதுத் தொட்டி வைத்த நண்பர், ஒவ்வொரு ரயிலுக்கும் மீன்கள் பட்டை போடுகின்றன என்று கவலைப்பட்டார். இரண்டாவது கிழமையில் மீன்கள் ரயிலைக் கவனிப்பதை நிறுத்திவிட்டன. அவர்தான் இன்னும் ஒவ்வொரு ரயிலுக்கும் எழுந்துபோய்த் தொட்டியைப் பார்க்கிறார்.

ஆனால் ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லா மீனும் ஒன்றாகக் கறுத்து, மேல்மட்டத்தில் வாயை வைத்து மூச்சு வாங்கினால் அது பயமல்ல. தண்ணீரில் ஏதோ நடந்திருக்கிறது. முதலில் ஏர் பம்பைப் பாருங்கள். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, நிறையத் தொட்டிகளில் நடந்தது இதுதான். கரன்ற் இல்லாத வீட்டில் நான் குவளையால் தண்ணீரை அள்ளி, ஒரு முழ உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டு இருந்தேன். பத்து நிமிடம் ஊற்று, பத்து நிமிடம் கை ஆறு. கறுத்து நின்ற மீன் ஊற்ற ஊற்றத் தெளிந்ததைக் கண்ணால் கண்டேன். பற்றரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும், அலுமாரிக்குள் அல்ல, தொட்டிக்குப் பக்கத்தில்.

இரண்டாவது, காற்று. டெங்குக் காலத்தில் ஒழுங்கைக்குள் நுளம்புப் புகை அடிக்க வருவார்கள். அதில் கலக்கும் பைரெத்ரொயிட்டு வகை மருந்துகள் மனிதனைவிட மீனுக்கு மிகக் கொடியவை. புகைச் சத்தம் கேட்டதும் யன்னலைச் சாத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடி, ஏர் பம்பை நிறுத்துங்கள்; பம்ப் அறையின் காற்றை உறிஞ்சி நேரே தண்ணீருக்குள் ஊதுகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புகை கலைந்ததும் திரும்பப் போடுங்கள். நுளம்புத்திரியும் பெயின்ற் வாடையும் இதே வழியால்தான் உள்ளே போகும். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியைக் கைவிடச் சொல்லவில்லை, சாமியறையில் தொட்டி வைக்காதீர்கள் என்கிறேன்.

கொழும்புத் தண்ணீர்

மூன்றாவது காரணம்தான் பெரிது, அதனால் அதற்குக் கொஞ்சம் இடம் ஒதுக்குகிறேன். நகரத்தின் குழாய் நீர் களனி ஆற்றிலிருந்து அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரிக்கப்படுவது. லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. மழைநாட்டு ஆற்று நீர், ஆகவே மென்மையானது. சென்னையில் ஆழ்துளைக் கிணற்று நீரோடு மல்லுக்கட்டி, ஆர்.ஓ. இயந்திரம் வாங்கிச் சுண்ணாம்பு நீக்கும் டிஸ்கஸ்காரர்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். குளோரினை மட்டும் போக்கினால் போதும்: ஒரு பெரிய பீப்பாயில் பிடித்து, காற்றுக்கல் போட்டு ஒரு நாள் வைத்திருங்கள், அல்லது ஹைப்போ போடுங்கள். மழை கொட்டி ஆறு கலங்கும் நாட்களில் குழாயைத் திறந்ததும் குளோரின் மணம் மூக்கில் ஏறும். அன்று தண்ணீர் மாற்றாமல் விடுவது நல்லது.

அந்த மென்மைக்குள் ஒரு பொறி இருக்கிறது. அதில் நானே விழுந்தேன். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போய் இரண்டரைக் கிழமை நின்றுவிட்டேன். தீன் போடத் தம்பி இருந்தான், தண்ணீர் மாற்ற யாரும் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் மீன்கள் லேசாக மங்கியிருந்தன, மற்றப்படி சுகம். குற்ற உணர்ச்சியில் ஒரே மூச்சில் முக்கால்வாசித் தண்ணீரை மாற்றினேன். அரை மணித்தியாலத்தில் எல்லாம் கரிக்கட்டை.

நடந்தது இது. பில்ற்றரில் இருக்கும் பக்டீரியா மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றும்போது தண்ணீரின் காரத்தன்மையைத் தின்கிறது. மென்நீரில் அது ஏற்கெனவே சொற்பம். அது தீர்ந்ததும் பி.எச். 6க்குக் கீழே சரிகிறது, அங்கே பக்டீரியாவும் வேலையைக் குறைத்துவிடுகிறது. அமோனியா தேங்குகிறது, ஆனால் அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் தீங்கு குறைந்த அமோனிய அயன் வடிவில் இருப்பதால் மீன் தாங்கிக்கொள்கிறது. இந்த நிலையில் பி.எச். 7க்கு மேற்பட்ட புதுத் தண்ணீரை மொத்தமாக ஊற்றினால், எஞ்சியிருக்கும் அயன் நச்சு வாயுவாக மாறும். பி.எச். ஓர் இலக்கம் ஏறினால் நச்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழ 10 மடங்கு ஏறும். நான் தண்ணீரைச் சுத்தம் செய்யவில்லை, தூங்கிக்கொண்டிருந்த நஞ்சை எழுப்பிவிட்டேன்.

ஆகவே நீண்ட நாள் விட்டுப்போன தொட்டிக்கு நாளுக்கு 10 வீதம் என்று ஒரு கிழமை மாற்றுங்கள். வழக்கமாக நடக்கும் தொட்டியில் கிழமைக்கு இரண்டு முறை மூன்றிலொரு பங்கு மாற்றினால் இந்தப் பொறி வராது. பில்ற்றரில் ஒரு கைப்பிடி கிளிஞ்சலைத் துணிப்பையில் கட்டிப் போட்டால் காரத்தன்மை அடியோடு தீராமல் பார்த்துக்கொள்ளும். பி.எச். சோதிக்கும் சொட்டு மருந்து ஒன்றும் அமோனியா சோதிக்கும் சொட்டு மருந்து ஒன்றும் வாங்கி வையுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு நல்ல மீனின் விலைக்குள் அடங்கும்.

தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு ஒரு தனிச் சொல். நீர் வழங்கல் சபையின் குழாயில் வரும் தண்ணீரும் உங்கள் குளியலறைக் குழாயில் வரும் தண்ணீரும் ஒன்றல்ல. நடுவில் நிலக்கீழ்த் தாங்கி, மொட்டைமாடித் தாங்கி என்று இரண்டு இருக்கின்றன. கட்டடம் புதிதானால் சீமெந்துச் சுண்ணாம்பு கரைந்து பி.எச். ஏறும். தாங்கி கழுவும் நாளில் குளோரின் கூடும். கடலோரத்துப் பழைய வீடுகளில் கிணறு இருந்தால் நாக்கில் வைத்துப் பாருங்கள், உவர் தட்டினால் அது டிஸ்கஸுக்கு ஆகாது. கடும் வரட்சியில் கடல் நீர் களனியில் ஏறி அம்பத்தலை வரைக்கும் எட்டிப் பார்த்து, மணல் மூட்டை அடுக்கித் தடுத்த காலங்களும் உண்டு. அப்படியான மாதங்களில் குழாய் நீரையும் ஒருமுறை சுவைத்துப் பார்ப்பதில் பிழையில்லை.

நாள் கணக்கில்

இரண்டு மூன்று நாளாக ஒரே ஒரு மீன் மட்டும் மூலையில் கறுத்து நிற்கிறது, மற்றவை கலகலப்பாகத் திரிகின்றன என்றால், முதலில் மற்ற மீன்களைப் பாருங்கள். டிஸ்கஸ் கூட்டத்தில் பெரியவர், சின்னவர் என்று வரிசை உண்டு. கடைசியில் நிற்பது கறுத்துத்தான் நிற்கும். "நான் சண்டைக்கு வரேல்லை" என்று உடம்பால் சொல்கிறது. மூன்று பேரை மட்டும் வைத்தால் கடைசியானவனுக்கு நிம்மதியே கிடையாது. ஆறு பேரானால் குத்து பகிரப்பட்டுவிடும். சந்தேகமானால் அந்த மீனை ஒரு இரவு தனித் தொட்டியில் விடுங்கள். விடிய நிறம் திரும்பித் தீன் கேட்டு வந்தால் அதற்கு நோய் இல்லை, அயலவர்தான் பிரச்சினை.

எல்லாம் மந்தமாகக் கறுத்து, தீனுக்கு அவசரம் காட்டாவிட்டால் வெப்பமானியைப் பாருங்கள். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 பாகை செல்சியஸ் வேண்டும். "கொழும்பு வெக்கைக்கு ஹீற்றர் எதுக்கு?" என்று எல்லாரும் கேட்பார்கள். பகலில் சரி. இரவு முழுக்க ஏ.சி. ஓடும் அறையில் தண்ணீர் 25க்கு இறங்கி, காலையில் திரும்ப ஏறும். அந்த ஏற்ற இறக்கம் மீனை வாட்டுகிறது. ஹீற்றரின் விலையைவிட அதற்கு வரும் கரன்ற் பில்தான் கவலை என்றால், தொட்டியை ஏ.சி. இல்லாத இடத்துக்கு நகர்த்துங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் கறுப்புப் போகாவிட்டால் மட்டும் நோய். வெள்ளை நூல் மாதிரிக் கழிவு, தீனை வாயில் எடுத்துத் துப்புதல், ஒல்லியாகி நெற்றி உள்வாங்குதல் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் குடலில் ஸ்பைரோநியூக்ளியஸ் என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். பழையவர்கள் ஹெக்ஸமிட்டா என்பார்கள். மெட்ரோனிடசோல் லீற்றருக்கு 6–7 மில்லிகிராம், 5 நாள், நாளுக்கொருமுறை தண்ணீர் மாற்றிய பின். மீன் இன்னும் சாப்பிடுகிறதென்றால் தீனில் கலந்து கொடுப்பது அதைவிட நன்றாக வேலை செய்யும். ஒரு பக்கச் செவுளால் மட்டும் மூச்சு விட்டு, பில்ற்றர்க் குழாயில் உடம்பை உரசினால் செவுள் புழு, அதற்குப் பிராசிகுவாண்டல். புது மீன் வந்த சில நாட்களில் எல்லாமே கறுத்து, சளி உரிந்து, ஒரு மூலையில் ஒன்றோடொன்று ஒட்டி நின்றால் தொற்று. அது வந்தபின் படும் பாடு பெரிது, வராமல் தடுப்பது சுலபம்: புது மீனை நாலைந்து கிழமை வேறு தொட்டியில், வேறு வலையோடு, வேறு வாளியோடு வைத்திருங்கள். அதே கையை இரண்டு தொட்டிக்குள்ளும் விட்டால் தனிமைப்படுத்தியதில் அர்த்தமில்லை. உடம்பின் ஒரு பக்கம் மட்டும் நிரந்தரமாகக் கறுத்தால் கண்ணைப் பாருங்கள். பார்வை போனாலோ நரம்பு அடிபட்டாலோ அப்படி ஆகும். அதற்கு மருந்தில்லை, பெரும்பாலும் மீனுக்கு அதனால் குறையுமில்லை.

மாதக் கணக்கில்

"வாங்கேக்க தீப்பிழம்பு மாதிரி இருந்தது அண்ணை, இப்ப தேத்தண்ணி நிறம்." இதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம், மூன்றாவது கசப்பானது.

முதலாவது விளக்கு. கடைத் தொட்டிகளுக்கு மேல் இளஞ்சிவப்பாக எரியும் ரியூப், சிவப்பை எடுத்துக்காட்டவே செய்தது. வாங்கும்போது அதை ஒரு நிமிடம் அணைக்கச் சொல்லி, வாசல் வெளிச்சத்தில் மீனைப் பாருங்கள். முகம் சுளிக்காத கடையில் வாங்குங்கள்.

இரண்டாவது தீன். சிவப்பு வாயால் வருகிறது என்றேன். பலர் மாட்டு இருதயத்தை அரைத்துப் போடுகிறார்கள். மீன் கொழுக்கும், ஆனால் அதில் சிவப்புச் சாயம் இல்லை. அதோடு வெள்ளவத்தையில் பல குசினிகளில் அந்தப் பொதியை ஃபிரிட்ஜில் வைத்தால் அம்மா வீட்டைவிட்டே துரத்துவார். இறால் போதும். கறிக்கு வாங்கும்போது தலையையும் ஓட்டையும் எறியாமல் அவித்து அரைத்து வடித்து, இறால் சதை, கொஞ்சம் ஸ்பிருலினா, ஜெலட்டின் சேர்த்துப் பொலித்தீனில் தட்டையாகப் பரப்பி உறைய வையுங்கள். இறால் ஓட்டில் இருக்கும் அஸ்டாக்சாந்தின்தான் அவித்த இறாலைச் சிவக்க வைப்பது, அதுவேதான் மீனையும். ஒன்றரை, இரண்டு மாதம் பொறுக்கவேண்டும். சிவப்பு வரட்டும் என்று யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் கலந்து பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். மீன்கள் துப்பின, அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

மூன்றாவது ஹோர்மோன். டிஸ்கஸ் குஞ்சு இயல்பாகவே மங்கலான தவிட்டு நிறம். பல வகைகளில் முழு நிறம் ஏற ஏறக்குறைய ஒரு வருடம் செல்லும். இரண்டு அங்குலக் குஞ்சு பெரிய மீனின் நிறத்தோடு பளபளத்தால், மெதைல்டெஸ்டொஸ்டெரோன் கலந்த தீன் கொடுத்திருக்கலாம். தீன் நின்ற சில மாதங்களில் நிறம் வடியும். பிறகு நீங்கள் எத்தனை கிலோ இறால் போட்டாலும் அந்தப் பழைய நிறம் திரும்பாது, ஏனென்றால் அது அந்த மீனுடைய நிறமாக ஒருபோதும் இருக்கவில்லை. இப்படி வளர்ந்த மீன் முட்டையிடும்போதும் தொல்லை தரும். மங்கலான குஞ்சை வாங்கி அதன் பெற்றோரைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வீட்டிலேயே குஞ்சு பொரிக்க வைக்கிறவரிடம் வாங்கினால் அந்த வசதி உண்டு.

பிஜன் பிளட் வகைகளுக்கு வேறு ஒரு தொல்லை. தாய்லாந்தில் உருவான இந்த மீனுக்குப் பயப் பட்டைகள் வராது. அதற்குப் பதில் உடம்பெங்கும் மிளகு தூவியதுபோல் கறுப்புப் புள்ளி. பின்னால் கறுப்புத் தாள் ஒட்டி, இருண்ட மணல் போட்டால் புள்ளி கூடும். தாளைக் கிழித்து வெளிர் நீலம் ஒட்டுங்கள், மணலை எடுத்து வெறும் கண்ணாடி அடியில் விடுங்கள். சில கிழமைகளில் குறையும், முழுக்கப் போவது பரம்பரையைப் பொறுத்தது.

போன வருடம் ஒரு இரவு வந்த அழைப்பு: "இரண்டு மீன் கறுத்துப்போச்சு அண்ணை, மற்றதெல்லாத்தையும் கலைக்குது. மெட்ரோனிடசோல் கையிலை வைச்சிருக்கிறன்." எப்ப இருந்து என்று கேட்டேன். நேற்றிலிருந்து, வரவரக் கூடுகிறது என்றார். சாப்பிடுகின்றனவா? சாப்பிடுகின்றன. ஸ்பொஞ் பில்ற்றரின் குழாய்க்குப் பின்பக்கம் ரோச் அடித்துப் பாருங்கோ என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஐயோ, ஊசி முனை மாதிரி என்னவோ துடிக்குது" என்றார்.

முட்டை இட்டு ஏறக்குறைய இரண்டரை நாளில் பொரிக்கும், இன்னும் மூன்று நாளில் குஞ்சுகள் நீந்தும். நீந்தியதும் அவை போய் ஒட்டுவது தாய் தகப்பனின் உடம்பில். தோலில் ஊறும் சளிதான் அவற்றின் முதல் தீன். அந்தக் கறுப்பு குஞ்சுக்கு வழிகாட்டும் நிறம். வெளிறிய பிஜன் பிளட் சோடிகள் பல குஞ்சுகளை இழப்பது, அவற்றால் கறுக்க முடியாததாலும்தான். மருந்தைத் திரும்ப டப்பாவுக்குள் போடச் சொன்னேன். மற்ற மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி, தண்ணீர் மட்டத்தைக் குஞ்சுக்குத் தோதாகக் குறைத்து, பில்ற்றரை மெதுவாக ஓடவிடச் சொன்னேன். முதல் நாலைந்து இரவுக்கு ஒரு சின்ன விளக்கு எரியட்டும் என்றேன், இருட்டில் குஞ்சுகள் தாயைத் தவறவிடாமல்.